எது நியாயம்? வீட்டு வசதி மாறினால் டீன்-ஏஜ் பிள்ளைகளின் பதிலும் மாறுவது ஏன்? ராமேஸ்வரம் முதல் நார்வே வரை

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு கொடுப்பது நியாயமா? ராமநாதபுரத்தில் ஒரு பிளஸ் டூ வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டால் இரண்டு விதமான பதில் வரும். "அதிக மார்க் எடுத்தவனுக்கு சீட் இல்லைன்னா எப்படி?" என்பது ஒன்று. "கோச்சிங்குக்கு கட்டக் காசே இல்லாதவன் அந்த மார்க்கை எப்படி எடுப்பான்?" என்பது இன்னொன்று.

இரண்டு பேரும் பேசுவது நியாயத்தைத்தான். ஆனால் அளக்கிற அளவுகோல் வேறு. அந்த அளவுகோலை ஒரு டீன்-ஏஜ் பிள்ளை எங்கிருந்து எடுக்கிறது? வயதா, பள்ளியா, வீட்டு வசதியா? பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் சொல்வதையும், ராமநாதபுரம் கடற்கரை காட்டும் பாடத்தையும் பார்க்கலாம்.

சுருக்கமாக

- சமமாகப் பிரிப்பது, உழைப்புக்கு ஏற்பப் பிரிப்பது, தேவைக்கு ஏற்பப் பிரிப்பது: நியாயத்தில் மூன்று கணக்கு உண்டு.
- வயது ஏற ஏற, "உழைத்தவனுக்கு அதிகம்" என்ற கணக்கு பிள்ளைகளிடம் வலுவாகிறது.
- வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் சமப் பங்கை அதிகம் தேர்வு செய்கிறார்கள் என்கிறது நார்வே ஆய்வு.
- ஏழை, பணக்காரப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் படித்தால் இந்த எண்ணம் மாறும் என்கிறது டெல்லி ஆய்வு.

நியாயத்தில் மூன்று கணக்கா? எப்படி?

இதைப் புரிந்துகொள்ள பெரிய புத்தகம் எதுவும் வேண்டாம். மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு நாள் நின்றாலே போதும்.

படகு கரைக்கு வந்ததும் மீனை விற்று, டீசல், ஐஸ் செலவைக் கழிப்பார்கள். மீதியில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு போகும், கடலுக்குப் போன ஆட்களுக்கு ஒரு பங்கு வரும். விகிதம் ஊருக்கு ஊர், படகுக்குப் படகு மாறும். இது உழைப்பும் முதலீடும் சேர்ந்த கணக்கு.

அடுத்தது தடைக்கால நிவாரணம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களுக்காக அரசு தரும் தொகை, தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே அளவுதான். 5,000 ரூபாயாக இருந்த இந்தத் தொகை 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2023 ஆகஸ்ட்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். இது சமக் கணக்கு.

மூன்றாவது, கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் உதவி. அவர் எத்தனை கிலோ மீன் பிடித்தார் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. இது தேவைக் கணக்கு.

ஆக, ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை இந்த மூன்றையும் பார்த்தே வளர்கிறது. எந்த இடத்தில் எந்தக் கணக்கு சரி என்பதில்தான் சண்டையே வருகிறது.

வயது ஏறும்போது என்ன மாறுகிறது?

கனடா, இந்தியா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா, அமெரிக்கா ஆகிய 7 நாடுகளில் 4 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. இரண்டு பிள்ளைகளுக்கு இனிப்பு போன்ற பொருள் பிரித்து வைக்கப்படும். அந்தப் பங்கீட்டை ஏற்பதா, வேண்டாம் என்று தள்ளுவதா என்பதை ஒரு பிள்ளை முடிவு செய்யும். தள்ளினால் இருவருக்கும் எதுவும் கிடைக்காது.

தனக்குக் குறைவு என்றால் தள்ளிவிடுவது 7 நாடுகளிலும் காணப்பட்டது. "எனக்குக் கம்மி, அதனால யாருக்குமே வேணாம்" என்ற கோபம் உலகப் பொதுவானது போலிருக்கிறது. ஆனால் தனக்கு அதிகம் கிடைக்கும்போதும் "இது நியாயமில்லை" என்று தள்ளும் பழக்கம் கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் மட்டுமே தெரிந்தது. அதுவும் வயது கூடிய பிள்ளைகளிடம்தான். தனக்கு நடக்கும் அநியாயம் எல்லாப் பிள்ளைக்கும் தெரிகிறது. தனக்குச் சாதகமான அநியாயத்தைக் கவனிப்பது மட்டும் வளரும் சமூகத்தைப் பொறுத்தது.

நார்வேயில் நடந்த இன்னொரு ஆய்வு 2010-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஐந்தாம் வகுப்பு முதல் பள்ளி இறுதி வகுப்பு வரை உள்ள மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்து, கிடைத்த பணத்தை அவர்களையே பிரிக்கச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சமமாகப் பிரித்தார்கள். பள்ளி முடிக்கும் வயதில் சமப் பங்கு கேட்பவர்கள் சிறுபான்மையாகிவிட்டார்கள். அதிகம் சாதித்தவருக்கு அதிகம் என்பவர்கள் பெருகியிருந்தார்கள்.

சரி, வீட்டு வசதி எங்கே நுழைகிறது?

இதே நார்வே ஆய்வாளர்கள் அடுத்த கட்டமாக 14, 15 வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் தேர்வையும், பெற்றோரின் வருமானம், படிப்பு பற்றிய அரசுப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2017-ல் வெளியான முடிவு இதுதான்: இரண்டு பேர் வெவ்வேறு அளவு உழைத்திருந்தாலும் "சமமாகப் பிரி" என்று சொன்னவர்கள், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளில் மிக அதிகம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் "உழைப்புக்கு ஏற்ற பங்கு" என்ற பக்கம் சாய்ந்தார்கள்.

இத்தனைக்கும் நார்வே உலகிலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் ஒன்று. அங்கேயே இந்த இடைவெளி தெரிகிறது.

இதற்கு முன்பே, 1985-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் டாக்டர், ஆசிரியர், பஸ் டிரைவர், துப்புரவுப் பணியாளர் போன்றவர்களின் சம்பளம் பற்றிக் கேட்டார்கள். நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் சம்பள வித்தியாசம் பெரியது என்று அறிந்திருந்தார்கள். அது சரிதான் என்பதற்குக் காரணங்களும் அடுக்கினார்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மனதில் அந்த வித்தியாசம் சிறியதாகவே இருந்தது. வித்தியாசத்தை நியாயப்படுத்தும் வாதத்தையும் வீட்டுப் பேச்சிலிருந்தே பிள்ளைகள் கற்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது.

காரணம் என்னவாக இருக்கும்? உழைத்தால் பலன் வரும் என்பதைக் கண்ணால் கண்ட வீட்டில் "உழைப்புக்கு ஏற்ற பங்கு" இயல்பாகப் படும். விடிய விடிய உழைத்தும் வெறும் வலையோடு திரும்பும் வீட்டில், பலனைத் தீர்மானிப்பது உழைப்பு மட்டும் இல்லை என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். ஒரே நேரத்தில், ஒரே கடலுக்குப் போன இரண்டு படகில் ஒன்றுக்கு மட்டும் மீன் படுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, "சமமாகப் பிரி" என்பது சோம்பேறித்தனமாகத் தோன்றாது.

ஒரே கரை, ஆனால் ஒரே வர்க்கம் இல்லை

"மீனவர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் கரையில் விசைப்படகு உரிமையாளர், அதில் கூலிக்கோ பங்குக்கோ போகிறவர், நாட்டுப்படகு வைத்திருப்பவர், தீவுகளை ஒட்டிக் கடல்பாசி எடுக்கும் பெண்கள் என்று அடுக்கடுக்காக இருக்கிறார்கள்.

இந்த அடுக்குகளுக்குள் நியாயத்தைக் காக்க ஒரு விதி உண்டு. பாக் ஜலசந்திப் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்: திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. ஒரே நாளில் இரண்டும் போனால் சின்ன வலைகளை இழுவை மடி அறுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் வந்த ஏற்பாடு இது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-ன் கீழ், கரையை ஒட்டிய கடல் பகுதியில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது.

இதில் "வலுத்தவனுக்குக் கட்டுப்பாடு" என்ற கணக்கு ஒளிந்திருக்கிறது. விசைப்படகு வீட்டுப் பிள்ளை, "லட்சக்கணக்கில் கடன் வாங்கி போட் வாங்கிட்டு, மூணு நாள்தான் போகணுமா?" என்று கேட்கலாம். நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளை, "எங்க வலை அறுந்தா யார் காசு தருவா?" என்று கேட்கலாம். இரண்டு கேள்வியிலும் உண்மை இருக்கிறது.

கடல்பாசி எடுக்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வி. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறையைக் காக்க அது தேவை. ஆனால் அம்மா காலங்காலமாகப் போன தீவுக்கு இனி போகக் கூடாது என்றால், இயற்கையைக் காப்பதன் விலையை யார் கட்டுவது?

கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நியாயம்?

ராமேஸ்வரத்திலிருந்து பார்த்தால், மீன் பிடிக்கப் போன அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்து வைப்பது அநியாயம். படகும் பறிபோனால் குடும்பமே கடனில் மூழ்கும். இதிலும் வர்க்கம் உண்டு. படகை இழப்பது உரிமையாளர், சிறையில் இருப்பது பெரும்பாலும் கூலிக்குப் போனவர்.

மன்னாரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பார்த்தால் காட்சி மாறும். 2009 மே வரை நீடித்த போரில் அங்குள்ள தமிழ் மீனவர்களுக்குக் கடலே கட்டுப்பாட்டில் இருந்தது. போர் முடிந்து சின்ன ஃபைபர் படகோடு திரும்பி வந்தபோது, தமிழகத்து இழுவைப் படகுகள் தங்கள் வலையையும் கடலடி வளத்தையும் அள்ளிக்கொண்டு போவதாக அவர்கள் குற்றம்சாட்டுகிறார்கள். அந்த மூன்று நாட்களில் கடலுக்குப் போகவே தயங்குகிறவர்களும் உண்டு. இழுவை மடி மீன்பிடிப்பை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது.

ராமேஸ்வரத்துப் பிள்ளையும் மன்னார்ப் பிள்ளையும் ஒரே மொழி பேசுகிறார்கள், ஒரே கடலைப் பார்க்கிறார்கள். யாருடைய வலை சின்னது என்பதைப் பொறுத்து, யார் பாதிக்கப்பட்டவர் என்ற பதில் மாறிவிடுகிறது. கச்சத்தீவு பற்றிய 1974 ஒப்பந்தத்தைப் பேசும் அளவுக்கு இதை நாம் பேசுவதில்லை.

ராமேஸ்வரம் வகுப்பறையில் நடந்தது என்ன?

நியாய உணர்வு வகுப்பறையில் எப்படி உருவாகிறது என்பதற்கு இந்த ஊரிலேயே பிரபலமான சாட்சி இருக்கிறது. அது ஏ.பி.ஜே.அப்துல் கலாமின் சுயசரிதையான 'அக்னிச் சிறகுகள்'.

ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. கலாம் முன் வரிசையில், கோயில் அர்ச்சகரின் மகன் ராமநாத சாஸ்திரி பக்கத்தில் உட்காருவது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். நண்பன் அழுதான். இருவரும் வீட்டில் சொன்னார்கள். ராமநாத சாஸ்திரியின் தந்தை லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் வருந்தி மாறினார் என்கிறார் கலாம்.

அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கலாமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்ததையும் அதே நூல் சொல்கிறது. ஆசாரமான அவரது மனைவி பரிமாற மறுக்க, ஐயரே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் அழைத்தார். அந்த முறை மனைவியே சமையலறைக்குள் அழைத்துப் பரிமாறினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைசி வரிசைக்குப் போன பிள்ளையால் தனியாக எதையும் மாற்றியிருக்க முடியாது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் தன் மகன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். அதனால்தான் முடிவு மாறியது. லட்சுமண சாஸ்திரி கேட்காமல் போயிருந்தால், "இங்க இப்படித்தான்" என்பதே அந்த வகுப்பு கற்ற பாடமாக இருந்திருக்கும்.

"ஜட்ஜ் நம்ம பக்கம் இல்லை" என்று நினைத்தால்?

இதை எண்களில் காட்டிய ஆய்வும் இந்தியாவில் உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குப் புதிர்ப் பாதை விளையாட்டு கொடுத்தார்கள். சரியாக முடித்தால் பணம். சாதியைச் சொல்லாதபோது, ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் முடித்தார்கள். எல்லோர் முன்னிலும் பெயரோடு சாதியையும் வாசித்தபோது, ஒடுக்கப்பட்ட மாணவர்களின் செயல்பாடு கணிசமாகக் குறைந்தது.

பரிசைத் தீர்மானிப்பது ஒரு மனிதரின் விருப்பம் என்ற நிலையில் அவர்களின் நம்பிக்கையும் குறைந்தது. ஆட்டமே தனக்கு எதிராக இருக்கும் என்று எதிர்பார்க்கும் பிள்ளை முழு மூச்சாக ஆடுவதில்லை. அதைப் பார்த்துவிட்டு "அவனுக்கு ஆர்வம் இல்லை" என்று சொல்வது எளிது.

சாதியும் வர்க்கமும் ஒன்றல்ல. ஆனால் இந்தியாவில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. அதனால் இங்கே "நியாயம்" பற்றிய பேச்சில் பணத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

7.5% சண்டை ஏன் இவ்வளவு சூடாகிறது?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். நீட் வந்த பிறகு தமிழ்நாட்டில் அரசு மருத்துவ இடங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. நீதிபதி பொ.கலையரசன் ஆணையம் இதை ஆராய்ந்து 10% உள் ஒதுக்கீடு பரிந்துரைத்தது. அரசு 7.5% என முடிவு செய்தது. 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆளுநர் ஒப்புதல் தாமதமானதால் அக்டோபர் 29-ல் அரசாணை போடப்பட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது.

முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலும் சேர்த்து சுமார் 400 அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழி திறந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டதால், "டாக்டர் சீட்" என்பது இந்த மாவட்டப் பிள்ளைகளுக்குப் பக்கத்துத் தெரு விஷயமாகிவிட்டது. மத்திய அரசு 2018-ல் தமிழ்நாட்டிலிருந்து 'வளர்ச்சியை நாடும் மாவட்டங்கள்' என்று எடுத்த இரண்டில் ஒன்று ராமநாதபுரம். இன்னொன்று விருதுநகர்.

2022 ஏப்ரல் 7-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. 5 ஆண்டுகளில் மறுஆய்வு செய்ய வேண்டும், அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் கூறியது. அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களையும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை.

இந்தக் கடைசி விஷயம் கடற்கரையில் பெரிய கேள்வி. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில் இரண்டு வீடு. ஒரு பிள்ளை அரசுப் பள்ளி, இன்னொன்று பக்கத்தில் இருந்த உதவிபெறும் பள்ளி. ஒதுக்கீடு ஒருவருக்கு மட்டும்தான். இதேபோல் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் என்று 2022-ல் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் 'புதுமைப் பெண்' திட்டம், 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நியாயத்தின் எல்லைக் கோடு கேள்வி கேட்டால் நகரும் என்பதற்கு இது உதாரணம்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் மாறுமா?

மாறும் என்கிறது ஓர் ஆய்வு. டெல்லியில் சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் பள்ளிகள், 20% இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என 2007-ல் உத்தரவு வந்தது. அதற்கு முன் சேர்ந்த வகுப்புகளில் பணக்காரப் பிள்ளைகள் மட்டும், பின் சேர்ந்த வகுப்புகளில் இரு தரப்பும். பொருளாதார அறிஞர் கவுதம் ராவ் இரண்டையும் ஒப்பிட்டார். ஆய்வு 2019-ல் வெளியானது.

ஏழை நண்பர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் பிறருக்கு அதிகம் பகிர்ந்தார்கள். சமப் பங்கைத் தேர்வு செய்வதும் கூடியது. ரிலே ஓட்டத்தில் வேகமாக ஓடும் ஏழை மாணவரை விட்டுவிட்டு, மெதுவாக ஓடும் பணக்கார மாணவரைத் தேர்வு செய்யும் பாகுபாடும் குறைந்தது. படிப்பு? ஆங்கில மதிப்பெண்ணில் சிறிய சரிவு, கணக்கிலும் இந்தியிலும் பாதிப்பு இல்லை. இவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். டீன்-ஏஜ் வருவதற்கு முன்பே இந்த மாற்றம் நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25% இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்வதன் பயனும் இதுதான். அந்த இடத்தை ஃபீஸ் சலுகையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். பக்கத்தில் உட்காரும் பணக்காரப் பிள்ளையும் அதில் ஒன்றைக் கற்கிறது.

வீட்டிலும் வகுப்பிலும் என்ன செய்யலாம்?

பிள்ளை "இது அநியாயம்" என்று சொன்னால், "வாயை மூடு" என்று முடிக்காமல் மூன்று கேள்வி கேட்கலாம்:

- எந்தக் கணக்கில் அநியாயம்? சமமா, உழைப்பா, தேவையா?
- இரண்டு பேரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கினார்களா? படிக்க விளக்கு, கோச்சிங், அப்பாவின் வருமானம் எல்லாம் ஒன்றா?
- உனக்குச் சாதகமாக இருந்தாலும் இதையே சொல்வாயா? 7 நாட்டு ஆய்வில் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறிய இடம் இதுதான்.

7.5% ஒதுக்கீட்டுக்கு நீதிமன்றம் சொன்ன 5 ஆண்டு 2027-ல் முடிகிறது. இன்று பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தொடும் விவாதம் அப்போது மறுபடி எழும். அந்த விவாதத்தில் கோச்சிங் போன பிள்ளையும், தடைக்கால நிவாரணத்தை எதிர்பார்க்கும் வீட்டுப் பிள்ளையும் ஒருவர் கணக்கை இன்னொருவர் கேட்டுப் பழகியிருப்பார்களா என்பது, இப்போது அவர்களை எந்தப் பெஞ்சில் யார் பக்கத்தில் உட்கார வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.